சிங்கப்பூரின் பீஷான் – அங் மோ கியோ பூங்கா: ஆற்றங்கரையில் நீங்கள் கண்டது என்ன?

ஓட்டப்பிரியன்:
நடைபாலத்துக்கு அருகே நீர்நாய்க் கூட்டமொன்று கரையேறி, ஓடிக்கொண்டிருந்த எங்களைச் சட்டை செய்யாமல் பாதையைக் கடந்துபோனது. கடைசியாக வந்தது மட்டும் புல்தரையில் நின்று, முன்கால்களுக்கு இடையே ஒரு திலாப்பியாவை இறுக்கிப் பிடித்துத் தலைப்பக்கத்திலிருந்து கடித்துத் தின்றது. மீனின் வால் அப்போதும் துடித்துக்கொண்டிருந்தது. முள் நொறுங்கும் சத்தம் துல்லியமாகக் கேட்டது. வாய் பிளந்து நின்ற குழந்தைகளை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இயற்கை தானாகவே நகரத்துக்குத் திரும்பிவிடுகிறது என்றே எனக்குத் தோன்றியது.

பழைய குடியிருப்பாளர்:
தானாகத் திரும்பவில்லை, தம்பி. 1988இல் இந்தப் பூங்கா அமைந்தபோது, காலாங் ஆறு அதன் ஓரமாக வெறும் சிமெண்டுக் கால்வாயாகத்தான் ஓடியது. 2009 முதல் 2012 வரை நடந்த வேலையில், 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேராகக் கிடந்த அந்தக் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள வளைந்து நெளியும் ஆறாக்கினார்கள். கரை அரிக்காமல் இருக்கச் செடிகளின் வேரையும் கல்லையும் நம்பினார்கள். எந்த முறை தாங்கும் என்று முதலில் கிளை வாய்க்கால் ஒன்றில் சோதித்தும் பார்த்தார்கள். பெயர்த்த பாளங்களை அடுக்கி எழுப்பிய குன்றில் ஏறும்போது என் காலில் சொரசொரப்பாகத் தட்டுப்படுவது, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நான் எட்டிப் பார்த்த அதே கால்வாய்ச் சுவர்.

மழைக்காலம்:
பெரியவர் சொல்வது சரி, ஆனால் வெள்ளத்தை விட்டுவிட்டார். ஆற்றின் நடுவிலுள்ள மிதிகற்களில் என் மகள் நின்றிருந்தபோது, லேசான தூறல் மட்டுமே விழுந்த வேளையில், எச்சரிக்கை ஒலி அலறியது. அவளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால் கற்களைக் காணோம். கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர்தான். இப்போதோ பெருமழையில் ஏறக்குறைய 100 மீட்டர் அகலத்துக்கு நீர் பரவ இடம் விட்டிருக்கிறார்கள், நாம் பாய் விரித்து உட்காரும் புல்வெளியும் அதில் அடக்கம். ஆகவே, குழந்தைகளோடு வருகிறவர்கள் வானத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேல்பகுதியில் பெய்த மழையும் இங்கேதான் வந்து சேரும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் உடனே மேலே ஏறிவிடுங்கள். ஓட்டப்பிரியனுக்கும் ஒரு வார்த்தை: குட்டிகளோடு வரும் நீர்நாய் கடிக்கத் தயங்காது, எனவே குழந்தைகளை அவ்வளவு கிட்டத்தில் நிற்க விடக்கூடாது. அதற்குத் தீனி போடக்கூடாது, துரத்தக்கூடாது, கைப்பேசியின் ஃபிளாஷை அணைத்துவிட வேண்டும், வளர்ப்பு நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும்.

ஓட்டப்பிரியன்:
நாங்கள் பாதையை விட்டு இறங்கவே இல்லை, ஐயா. கிட்டே வந்தது அதுதான்.