கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர்கள்

அம்மா: இங்கே விளக்கு ஏற்றியாகிவிட்டது. உனக்கு அங்கே மணி என்ன? ஈஸ்டர் தீவுக்குப் போய்ச் சேர்ந்தீர்களா?

நான்: நேற்றே வந்துவிட்டோம் அம்மா. இப்போதுதான் விடிகிறது. சிலியின் சாண்டியாகோவிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் விமானம். ஜன்னலில் கடலைத் தவிர வேறொன்றும் இல்லை.

நான்: (படம்) இது டோங்காரிக்கி. ஒரே மேடையில் 15 கல் சிலைகள். இவற்றை இங்கே மோவாய் என்கிறார்கள். பின்னால் சூரியன்!

பெரியப்பா: அருமை! கடலைப் பார்த்தபடி காவல் நிற்கின்றனவா?

நான்: இல்லை பெரியப்பா, கடலுக்கு முதுகுதான். இவர்கள் இறந்துபோன முன்னோர்கள். ஊர் இருந்தது உள்பக்கம். தங்கள் பிள்ளைகளைப் பார்த்தபடி நிற்கிறார்கள்.

தம்பி: 1960 சுனாமி அடித்துக்கொண்டு போனது இவற்றைத்தானே?

நான்: ஆமாம். சிலியில் வந்த பெரிய நிலநடுக்கத்தால் எழுந்த அலை. முன்பே கவிழ்ந்து கிடந்த சிலைகளை உள்ளே தள்ளிவிட்டது. 1990களில் ஜப்பான் கொடுத்த கிரேனை வைத்துத் திரும்ப நிறுத்தினார்கள்.

அம்மா: ஒருவர் மட்டும் சிவப்புத் தொப்பி போட்டிருக்கிறாரே?

நான்: தொப்பி இல்லை அம்மா, கொண்டை! அதற்கென்றே புனா பாவு என்ற இடத்தில் சிவப்புக் கல் வெட்டியிருக்கிறார்கள். சிலைக்கான கல் ராணோ ராராக்கு எரிமலையிலிருந்து. அங்கே இன்னும் 400 சிலைகள்வரை கிடக்கின்றன. கழுத்துவரை மண் மூடியிருப்பதால் பலர் வெறும் தலை என்று நினைக்கிறார்கள். உடம்பு முழுக்க உள்ளே இருக்கிறது.

பெரியப்பா: மரத்தையெல்லாம் வெட்டித் தீர்த்துவிட்டு அந்த மக்களே அழிந்துபோனார்கள் என்பார்களே?

நான்: நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். மரங்கள் போனது உண்மை. மக்கள் அழியவில்லை பெரியப்பா. 1862இல் பெருவிலிருந்து கப்பல்களில் வந்து ஆட்களை அடிமைகளாகப் பிடித்துப் போனார்கள். பிறகு திரும்பி வந்த சிலரோடு அம்மை நோயும் வந்தது. 1877இல் தீவில் மிஞ்சியது 111 பேர்.

பெரியப்பா: 111 பேரா...

நான்: அவர்கள் வழிவந்த பெண்தான் எங்கள் வழிகாட்டி. சிலை என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தன் தாத்தாக்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார். மேடைமேல் யாரும் கால் வைக்கக்கூடாது. கேட்டபிறகு எனக்கும் குரலை உயர்த்திப் பேசத் தோன்றவில்லை.

அம்மா: கடலில் குளித்தாயா?

நான்: நேற்று மாலை அனகேனாவில். (படம்) வெள்ளைப் பவள மணல், தென்னை மரங்கள், கரையிலேயே ஒரு மோவாய் வரிசை. அவர்களின் முதல் அரசர் ஹோட்டு மட்டுவா படகில் வந்து இறங்கிய இடம் என்பது ஐதீகம். சிலைகளுக்குப் பவளத்தில் கண் வைத்திருந்தார்கள் என்பது 1978இல் இங்கே கிடைத்த கண்ணை வைத்துத்தான் தெரிந்தது.

தம்பி: லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு மோவாய் இருக்கிறதே அக்கா, பேருந்தில் அந்த வழியாகத்தான் போகிறேன்.

நான்: 1868இல் ஆங்கிலேயக் கப்பற்படைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது. திருப்பித் தாருங்கள் என்று இந்த மக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

தம்பி: சனிக்கிழமை போய்ப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

நான்: முதுகுப்பக்கமும் எடு. பறவைத் தலை கொண்ட மனித உருவங்களை அங்கேதான் செதுக்கியிருக்கிறார்கள். வழிகாட்டி அக்காவிடம் காட்ட வேண்டும்.