பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கப் போன அனுபவங்கள்

தேயிலைக்காடு (கோத்தகிரி):

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். மூன்றாவதை ஒப்படைத்தே ஆக வேண்டும் என்பதால் பழைய 12 போர் (குழலின் அளவைக் குறிக்கும் எண்) துப்பாக்கிகள் கைமாற ஆரம்பித்தன. தோட்டக் காவலுக்கு எனக்கும் ஒன்று தேவைப்பட்டது. லைசென்ஸ் ஏற்கெனவே கையில் இருந்தது.

கடையில் முதலில் காட்டியது இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்த ஒரு வெப்லி ஸ்காட். உரிமையாளர் இறந்துவிட்டதால் வாரிசுகள் அங்கே ஒப்படைத்திருந்தார்கள். 1980களில் தனியாருக்கான இறக்குமதி நின்றதிலிருந்து பர்மிங்காம் துப்பாக்கி என்றாலே விலை எகிறும். அந்த விலை பெயருக்குத்தான், குழலுக்கு இல்லை.

கடைக்காரர் நல்ல மனிதர். “பிரிச்சே பாருங்க சார்” என்று கையில் கொடுத்துவிட்டார். உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றி, குழலை மூடிய நிலையில் ஆட்டினேன். அசைவே இல்லை. சரி என்று குழலைத் தனியாக எடுத்து, கொக்கிப் பகுதியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினேன். வெண்கலச் செம்பைத் தட்டியது போல ஒலி நீண்டு வர வேண்டும். ‘டொக்’ என்று நின்றுபோனது. இரண்டு குழலையும் இணைக்கும் பட்டையில் எங்கேயோ பற்றவைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபோது, தோட்டா நுழையும் பக்கத்தில் துருக்குழிகள். வாய்ப் பக்கத்துக் குழியைவிட இது ஆபத்து, ஏனென்றால் வெடிக்கும்போது அழுத்தம் அதிகம் தாங்குவது அந்த இடம்தான். தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைத்து, எண்ணெய் படாமல் மாதக்கணக்கில் கிடந்த துப்பாக்கி என்று இறந்தவரின் மகன் வருத்தத்தோடு சொன்னார். அப்பா உயிரோடு இருந்தவரை திரும்பி வந்ததும் துடைத்து வைப்பாராம்.

நான் வாங்கியது அதே கடையில் இருந்த, இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பு. கட்டையில் கீறல்கள் உண்டு, வேலைப்பாடு ஒன்றும் கிடையாது. ஆனால் குழல் சுத்தம், பூட்டு (குழலை மூடிப் பிடிக்கும் பகுதி) கச்சிதம். விலையும் பல மடங்கு குறைவு.

சத்தி விவசாயி:

அண்ணே, குழல் சுத்தமாக இருந்தாலும் தோட்டா அறையின் (குழலின் அடியில் தோட்டா உட்காரும் இடம்) நீளத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். எனக்குக் காட்டிய பழைய ஆங்கிலத் துப்பாக்கியில், குழலின் அடிப்பக்கத்து முத்திரைகளுக்கு நடுவே 2½ அங்குலம் என்று பொறித்திருந்தது. தோட்டாக் கணக்கில் இதை 65 மில்லிமீட்டர் என்பார்கள். இப்போது பரவலாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா. விற்க வந்தவர், “போட்டுப் பாருங்க, லேசா உள்ள போகும்” என்றார். போகத்தான் செய்யும்! அந்த 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். சுடும்போது அந்த வாய் விரிய இடமில்லாமல் குழலின் குறுகலில் முட்டும், அழுத்தம் ஏறிவிடும். அவர் என்னை ஏமாற்றப் பார்க்கவில்லை, அவருக்கே தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அப்புறம், பாம்புத்தோல் மாதிரி வரியோடிய டமாஸ்கஸ் குழல் கிடைத்தால், அழகைப் பார்த்து மயங்க வேண்டாம். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த அந்தக் குழல்களில் பெரும்பாலானவை கரும்பொடிக் (பழைய கருப்பு வெடிமருந்து) காலத்தவை. இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது.

மேற்குமலை:

இரண்டு பேரும் இரும்பைச் சொல்லிவிட்டீர்கள், நான் காகிதத்தைச் சொல்கிறேன். தனியாரிடம் நேரடியாக வாங்குவதானால், விற்பவர் கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்திருக்க வேண்டும். சட்டத்தின் 5ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. “முதல்ல எடுத்துட்டுப் போங்க, பேப்பர் பின்னால பாத்துக்கலாம்” என்று யார் சொன்னாலும், சொந்தக்காரரே ஆனாலும், எழுந்து வந்துவிடுங்கள். லைசென்ஸில் ஏறாத துப்பாக்கி வீட்டில் ஒரு ராத்திரி இருந்தாலும் குற்றம்தான்.

நான் பார்த்த ஒன்றில் குழல், பூட்டு, முன்கட்டை மூன்றிலும் ஒரே எண். ஆனால் விற்பவரின் லைசென்ஸில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. எப்போதோ புதுப்பித்தபோது யாரோ 3ஐ 8 என்று எழுதியிருக்கிறார்கள். துப்பாக்கி அருமையானது, மனசே இல்லாமல்தான் திருப்பிக் கொடுத்தேன். அவர் எண்ணைத் திருத்தித் தரச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறார். உத்தரவு வந்ததும் முதலில் எனக்குத்தான் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.