இன்சுலினைக் கெடுப்பது வெயிலா, குலுக்கலா, குப்பிக்குள் இருக்கும் காற்றா?

தேன்கனிக்கோட்டை மகள்:
அஞ்செட்டிக்கு அருகில் ஒரு சிற்றூரில் இருக்கும் என் அம்மாவுக்கு மாதந்தோறும் கிருஷ்ணகிரியில் இன்சுலின் வாங்கி, பனிக்கட்டிப் பையோடு இருசக்கர வண்டியின் பக்கப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்கிறேன். தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டிய வகை அது. சென்ற முறை ஊர் போய்ச் சேர்ந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, குப்பியின் உட்புறக் கண்ணாடியில் மூச்சு பட்டது போன்ற மங்கலும், கழுத்துப் பக்கம் மெல்லிய வெண்துகள்களும் இருந்தன. அதைப் போடாமல் வேறு குப்பி வாங்கிவிட்டோம். வெயில் பட்டிருக்கும் என்று கடையில் சொன்னார்கள். நான் கிளம்பியதோ விடியற்காலையில். மலைப்பாதையில் குலுங்கினால் மருந்து கெடுமா?

பாலக்கோடு ஆசிரியர்:
கெடும், சகோதரி. இன்சுலின் ஒரு புரதம். ஆனால் குலுக்கலின் விசை புரதத்தை உடைக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். மருந்துக்கு மேலே குப்பியில் இருக்கும் காற்றுதான் இதில் முக்கியமானது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அது நீரில் மடிந்து நிற்கும்போது லூசின், வேலின், பினைல்அலனின் போன்ற, நீரோடு ஒட்டாத பகுதிகளில் பெரும்பாலானவற்றை உள்ளே மறைத்துக்கொள்கிறது. நீரின் மேற்பரப்புக்கு வந்துவிட்டால் ஒரு பக்கம் காற்று. அங்கே மறைந்திருக்க வேண்டிய தேவை இல்லை. உள்ளே இருந்தவை காற்றை நோக்கித் திரும்ப, மடிப்பு தளர்ந்து சங்கிலி விரிகிறது. விரிந்தவை ஒன்றோடொன்று பின்னிப் படலமாகின்றன. முட்டை வெண்கரு போன்ற கரைசல்களை வெறுமனே குலுக்கினாலே புரதம் திடமாகப் பிரிவதை வால்டர் ராம்ஸ்டன் 1894-லேயே எழுதிவிட்டார்.

ஊத்தங்கரை மருந்தாளுநர்:
ஆசிரியர் ஐயா சொல்லும் அறிவியலை நான் மறுக்கவில்லை. அதன் அளவைத்தான் கேட்கிறேன். நம் ஊரில் கிடைக்கும் 10 மில்லி குப்பியில், மில்லிக்கு 40 யூனிட் வீதம், மொத்தம் 400 யூனிட் இருக்கிறது. எடையில் சுமார் 14 மில்லிகிராம். குப்பியின் உள்விட்டம் 2 சென்டிமீட்டர் என்று கொண்டால் மேற்பரப்பு 3 சதுர சென்டிமீட்டர்தான். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒற்றை அடுக்காகப் புரதம் படிந்தால் சில மில்லிகிராம் தேறும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் இந்தக் குப்பியின் மேற்பரப்பில் இருப்பது மொத்த மருந்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதோடு, குப்பியில் இன்சுலின் தனித்தனியாக மிதப்பதில்லை. ஆறு ஆறாகச் சேர்ந்து துத்தநாகத்தால் கட்டுண்டு நிற்கிறது. சேர்க்கப்படும் பீனால் வகைப் பாதுகாப்புப் பொருள்களும் அந்தக் கட்டை இறுக்குகின்றன.

எனக்கு ஐயம் பனிக்கட்டியின் மேல்தான். குப்பி பனிக்கட்டியை நேரடியாகத் தொட்டு உறைந்தால் அந்த மருந்து வீண். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்வது குளிர்ச்சிக்காகத்தான், உறைய வைப்பதற்கு அல்ல. சகோதரி, பனிக்கட்டிக்கும் குப்பிக்கும் நடுவில் துணி ஏதேனும் இருந்ததா?

தேன்கனிக்கோட்டை மகள்:
தடித்த துண்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்தேன், ஐயா. எடுத்தபோது குப்பி சில்லென்று இருந்தது, உறைந்திருக்கவில்லை.

பாலக்கோடு ஆசிரியர்:
மருந்தாளுநரின் கணக்கு, அசையாமல் நிற்கும் குப்பிக்கு முற்றிலும் சரி. சாலையில் நடப்பது வேறு என்பதைக் காட்ட, நான் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு முட்டையின் வெண்கருவை அதைப் போலப் பத்து மடங்கு நீரில் கலந்தேன். வெறும் நீரில் கலந்தால் அதிலுள்ள குளோபுலின் அப்போதே வெண்மையாகப் பிரிந்து நம்மை ஏமாற்றிவிடும் என்பதால் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, வேட்டித் துணியில் வடிகட்டினேன். இளமஞ்சளில் தெளிந்த நீர் கிடைத்தது. ஒரே அளவுள்ள இரண்டு சிறு புட்டிகளை எடுத்து, ஒன்றைக் குமிழிகூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பினேன், மற்றதில் பாதி. இரண்டையும் ஒரே பையில் கட்டி, தருமபுரியிலிருந்து பென்னாகரம் வரை சுமார் 30 கிலோமீட்டர் வண்டியில் கொண்டுபோனேன். நிரம்பிய புட்டி புறப்பட்டபோது இருந்தபடியே தெளிவாக இருந்தது. பாதிப் புட்டியில் மேலே நுரை. நுரையை ஒதுக்கிப் பார்த்தால் அடியில் பஞ்சு பிய்த்துப் போட்டது போல் வெண்ணிழைகள். இரண்டும் ஒரே சாலையில், ஒரே நேரத்தில், ஒரே வெப்பத்தில் வந்தவை. காற்று ஒன்றுதான் வேறுபாடு.

தருமபுரி பட்டு:
பட்டுக்கூடு அங்காடிக்குப் பல ஆண்டுகளாகக் கூடு கொண்டுவருபவன் நான். விசைக்குப் பங்கே இல்லை என்று ஆசிரியர் சொல்வதை ஏற்க இயலவில்லை. புழுவின் சுரப்பிக்குள் பட்டுப் புரதம் கூழாகத்தான் இருக்கிறது. புழு தலையை எட்டுப் போல ஆட்டி ஆட்டி இழுக்கும்போதுதான் அது கரையாத நூலாகிறது. அந்தச் சுரப்பிக்குள் காற்று எங்கே இருக்கிறது? இழுவையே வடிவத்தை மாற்றுகிறது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இதைவிடச் சான்று வேண்டுமா?

பாலக்கோடு ஆசிரியர்:
அருமையான எதிர்வாதம், ஐயா. விசைக்குப் பங்கில்லை என்பதை நான் பொதுவிதியாகச் சொல்லியிருக்கக் கூடாது, திருத்திக்கொள்கிறேன். ஆனால் பட்டின் பெரிய சங்கிலியில் 5,000-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் இருக்கின்றன. இன்சுலினில் 51 மட்டுமே. நீண்ட கயிற்றை ஓடும் நீர் இழுத்து நிமிர்த்தும். சிறு முடிச்சு அந்த நீரோடு உருண்டுதான் போகும். சைட்டோகுரோம் சி என்ற சிறு புரதத்தை மிக நுண்ணிய குழாய்க்குள் அதிவேகமாகச் செலுத்திப் பார்த்த 2006-ஆம் ஆண்டு ஆய்வில், குலுங்கும் குப்பியில் எண்ணிப் பார்க்க முடியாத அளவு இழுவையிலும் அதன் மடிப்பு பிரியவில்லை. பட்டின் சங்கிலியோ இழுத்தால் நூலாவதற்கென்றே அமைந்தது.

காற்றை நான் குற்றம் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புரதங்களை உறைநிலையில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுப்பவர்கள் அவற்றை மிக மெல்லிய நீர்ப்படலத்தில் வைக்கிறார்கள். அங்கே இருப்பதெல்லாம் மேற்பரப்புதான். கொழுப்பு அமிலங்களை உருவாக்கும் ஒரு பெரிய நொதியை அப்படி வைத்தபோது, மேற்பரப்பில் ஒட்டியவற்றில் பெரும்பகுதி குலைந்திருந்ததையும், நீரோடு ஒட்டும்படி செய்த ஒரு கிராபீன் தாளின் (கரியணுக்களால் ஆன மிக மெல்லிய தாள்) மேல் வைத்ததும் அவை முழு உருவோடு நின்றதையும் 2019-இல் வெளியிட்டார்கள். அங்கே யாரும் எதையும் குலுக்கவில்லை.

ஊத்தங்கரை மருந்தாளுநர்:
எல்லாப் புரதமும் மேற்பரப்பில் ஒரே மாதிரி குலைவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஐயா. முட்டையிலேயே உள்ள லைசோசைம், நான்கு கந்தகப் பாலங்களால் இறுகிக் கிடப்பதால், தயங்கித் தயங்கித்தான் தளர்கிறது. பாலிலுள்ள பீட்டா கேசினுக்கு இழக்கும்படியான உறுதியான மடிப்பே கிடையாது. அதனால்தான் அது விரைந்து ஓடிப்போய் நுரையைத் தாங்குகிறது. பூஞ்சைகளின் ஹைட்ரோபோபின் காற்றைத் தொடுவதற்கென்றே வாய்த்தது. எனவே முட்டைப் புட்டியின் முடிவை அப்படியே இன்சுலின் குப்பிக்கு எடுத்துச் செல்வதை நான் ஒப்பவில்லை. தவிர, என் கணக்குக்கு விடை இன்னும் வரவில்லை: பத்தாயிரத்தில் ஒரு பங்கு எப்படிக் குப்பி முழுவதையும் கலங்க வைக்கும்? மூன்றாவதாக ஒரு பாதிப் புட்டியை அசைக்காமல் வைத்துப் பார்த்தீர்களா?

தேன்கனிக்கோட்டை மகள்:
நடுவில் ஒரு கேள்விக்குப் பொறுத்தருள வேண்டும். அப்படியானால் பாலை நன்றாக ஆற்றி நுரையோடு அம்மாவுக்குக் கொடுப்பதால் அதன் சத்துப் போய்விடுமா?

ஊத்தங்கரை மருந்தாளுநர்:
போகாது, அம்மா. வயிற்றுக்குள் அந்தப் புரதம் எப்படியும் விரிந்து துண்டாகத்தான் போகிறது. உணவுக்கு அமினோ அமிலம் போதும். மருந்துக்கு அதன் வடிவமும் வேண்டும்.

பாலக்கோடு ஆசிரியர்:
நேற்று இரவு மருந்தாளுநர் கேட்ட மூன்றாவது புட்டியை மேசைமேல் அசையாமல் வைத்தேன். காலையில் நீர் தெளிவாகவே இருந்தது. ஆனால் புட்டியை மெல்லச் சாய்த்தபோது மேற்பரப்பு வழுக்கிச் சரியாமல், ஆறிய பாலின் ஆடை போல நெளிந்து சுருங்கியது. கண்ணுக்கே தெரியாத ஒரு தோல் அங்கே கட்டியிருந்தது.

உங்கள் கணக்குக்கு விடையும் அதில்தான் இருக்கிறது. அசையாதபோது அந்தத் தோல் ஒரு முறை கட்டிக்கொள்கிறது. அதன்பின் கீழே உள்ளவற்றுக்குக் காற்றைத் தொட இடமில்லை. குலுங்கும்போது அது கசங்கி, கிழிந்து நீருக்குள் விழுகிறது. புதிதாகத் திறந்த மேற்பரப்புக்கு அடுத்த வரிசை ஏறுகிறது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துப் பாருங்கள். இன்சுலினில் இதைவிடக் கவலைக்குரிய ஒன்று உண்டு: அறுவர் கட்டிலிருந்து பிரிந்து நிற்கும் சில தனி மூலக்கூறுகள் மேற்பரப்பில் தளர்ந்து இழையாகச் சேர்ந்துவிட்டால், உறை மோர் பாலில் பரவுவது போல, அந்த இழை மற்றவற்றையும் தன் வடிவத்துக்கு இழுத்துக்கொள்கிறது. நோயாளி ஊசிபோடுவதற்கு முன் எடுக்கும் அளவுக்குக் காற்றைக் குப்பிக்குள் செலுத்துவதால், மருந்து குறையக் குறைய உள்ளே காற்று கூடுவதையும் மறக்க வேண்டாம். சில இன்சுலின் குப்பிகளில் பாலிசார்பேட் 20 என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்ப்பதன் நோக்கமும் இதுவே. புரதத்துக்கு முன்னால் அது போய் மேற்பரப்பில் இடம் பிடித்துக்கொள்கிறது.

ஊத்தங்கரை மருந்தாளுநர்:
மேற்பரப்பு புதுப்பிக்கப்படுகிறது என்ற விளக்கத்தை ஏற்கிறேன்; என் கணக்கில் அது விடுபட்டிருந்தது. சூட்டை மட்டும் நான் விடமாட்டேன். ஆய்வகத்தில் இன்சுலினை விரைவாக இழையாக்க விரும்புபவர்கள் 37 டிகிரியில் வைத்துக்கொண்டுதான் ஆட்டுகிறார்கள்; சித்திரை வெயிலில் பக்கப் பெட்டிக்குள் இரண்டும் சேர்ந்தே கிடைத்துவிடும்.

சகோதரி, அடுத்த முறை குப்பியைத் துணியில் சுற்றிக் குளிர்ப்பையில் நிமிர்த்தி வைத்து, பையைப் பக்கப் பெட்டியில் போடாமல் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். உடல் குலுக்கலை ஓரளவு வாங்கிக்கொள்ளும். பாதி தீர்ந்த குப்பியை ஊருக்கு ஊர் எடுத்துப் போக வேண்டாம். பால் போல இருக்கும் வகையை மட்டும் உள்ளங்கைகளுக்கு நடுவில் மெல்ல உருட்டலாம். அதையும் குலுக்கக் கூடாது. தெளிந்த வகையில் மங்கல் தெரிந்தால், சென்ற முறை செய்தது போலவே போடாமல் வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.