ஹன்சார்டு: அவைக்குறிப்பா, அவையுரைப்பதிவா?

அன்பர்களுக்கு வணக்கம்.

நாடாளுமன்ற நடைமுறை பற்றிய பாடநூலொன்றை மொழிபெயர்த்து வருகிறேன்; வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உறுப்பினர் பேச்சைக் கூறியது கூறலைக் களைந்து, ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் வெளியிடும் ‘ஹன்சார்டு’ என்பதற்கு ‘அவைக்குறிப்பு’ என்று எழுதினேன். ஆனால் முடிவுகளையும் வாக்கெடுப்புகளையும் மட்டும் பதியும் ஏடும் அதே நூலில் வருகிறது. இரண்டையும் எப்படி வேறுபடுத்துவது?

*

ஐயா,

‘குறிப்பு’ இங்கே பொருந்தாது என்பது என் துணிபு. வள்ளுவர் குறிப்பறிதல் என்று இரண்டு அதிகாரங்கள் வைத்தார்; அரசவையாயினும் காதலாயினும், வாய் திறந்து சொல்லாததை முகத்தாலும் கண்ணாலும் அறிவதே இரண்டிலும் பொருள். சொன்னதையெல்லாம் பதியும் ஏட்டுக்கு அச்சொல்லை எப்படி வைப்பது? முடிவேட்டுக்கு அது போகட்டும். இதற்கு ‘அவையுரைப்பதிவு’ என்போம். ஹன்சார்டு என்பதோ, 1812இல் இதழாளர் வில்லியம் காபெட்டிடமிருந்து பிரித்தானிய நாடாளுமன்ற உரைகளின் வெளியீட்டை ஏற்ற அச்சகர் தாமஸ் கர்சன் ஹன்சார்டின் பெயர். பொருள் தராத ஆட்பெயரை நாம் சுமக்க வேண்டியதில்லை.

*

‘பதிவு’ ஒலிப்பதிவுக்கும் வரும், திருமணப் பதிவுக்கும் வரும். ‘அவையாவணம்’ என்பதே என் பரிந்துரை. குடவோலையின் பொறியை (முத்திரையை) ஆராய்ந்தவர்களை அகநானூறு (77) ‘ஆவண மாக்கள்’ என்கிறது; அவைக்கும் எழுத்துக்கும் உரிய தொன்மையான சொல் அது.

*

அதே அகநானூற்றின் 122ஆம் பாடலில் ‘மல்லல் ஆவணம்’ கடைத்தெருவைக் குறிக்கிறது என்பதையும் கருத வேண்டும். அது நிற்க, மாணவருக்கு எது விளங்கும் என்பதே என் கவலை. ‘அவைக்குறிப்பிலிருந்து நீக்கம்’ என்று நாளிதழ்கள் எழுதாத கூட்டத்தொடர் உண்டா? பழகிய சொல்லை எடுத்துவிட்டுப் புதியதைத் தந்தால் அவர்கள் இரண்டையும் இழப்பார்கள். ஆட்பெயரும் அவ்வளவு தள்ளத்தக்கதன்று: இலங்கை நாடாளுமன்றம் ‘அதிகார அறிக்கை’ என்பதோடு ‘ஹன்சாட்’ என்றும் தமிழில் அச்சிடுகிறது; பிரித்தானிய நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரிலும் தலைப்பிலிருந்து போன அப்பெயர் 1943இல் திரும்ப வந்தது.

*

அனைவருக்கும் நன்றி. எழுதியவர்களில் பெரும்பாலோர் சாய்ந்த ‘அவையுரைப்பதிவு’ என்பதையே கொண்டேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் ஹன்சார்டு என்று சேர்த்துள்ளேன். ஆனால் அவைத்தலைவர் ஆணையால் சொற்கள் நீக்கப்படுவதைச் சொல்லும் பத்தியில் ‘அவையுரைப்பதிவிலிருந்து நீக்கம்’ என்று எழுதிப் பார்த்தபோது, அது எந்த நிகழ்வைச் சொல்கிறது என்று எனக்கே ஒரு கணம் புலப்படவில்லை. அங்கே ‘அவைக்குறிப்பு’ என்றே விட்டிருக்கிறேன்.

*

அப்படியானால் ஒரே ஏட்டுக்கு நூலில் இரண்டு பெயர்கள் ஆகிவிட்டன, ஐயா. ‘குறிப்பு’ பொருந்தாது என்ற என் மறுப்பு அப்படியே நிற்கிறது.