தம்பியின் திருமணத்துக்கு மறுநாள்: அறுபது பேர், ஒரு இலட்சம் ரூபாய்

மூன்றாம் மாடி (வெள்ளவத்தை):

எல்லோருக்கும் வணக்கம். ஆவணிக் கடைசி ஞாயிறு தம்பிக்குத் திருமணம். பம்பலப்பிட்டியில் மண்டபம், காலை முகூர்த்தம், மரக்கறிச் சாப்பாடு. அவையெல்லாம் பேசி முற்பணமும் கட்டியாகிவிட்டது. என் கவலை மறுநாளைப் பற்றியது.

யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் நாற்பது பேர் வருகிறார்கள். கனடாவிலிருந்து பெரியப்பா குடும்பம், இலண்டனிலிருந்து சித்தி குடும்பம். பெண் வீட்டாரையும் சேர்த்தால் அறுபது. யாழ்ப்பாணத்தார் திங்கள் இரவு பஸ்ஸில்தான் திரும்புகிறார்கள். அந்தப் பகலில் எல்லோரும் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. 2013இல் என் திருமணத்துக்கும் பெரியப்பா கனடாவிலிருந்து வந்தார். மணவறைக்கு வந்து அறுகரிசி போட்டு ஆசீர்வதித்தாரே, அந்த அரை நிமிடம்தான் நான் அவர் முகத்தைப் பார்த்தது. மறுநாள் விடியற்காலையில் விமான நிலையத்துக்குப் போய்விட்டார். இப்போது அவருக்கு 78 வயது. இந்த முறை அவரோடு உட்கார்ந்து பேசாமல் அனுப்ப எனக்கு மனமில்லை.

ஒரு ஹோட்டலில் மதிய விருந்துக்கு விலை கேட்டோம். ஆளுக்கு இவ்வளவு என்று முதலில் சொன்ன தொகை தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. அதற்குமேல் சேவைக் கட்டணம், வரி என்று கூட்டிய பிறகு கையை எடுத்துவிட்டோம். எங்களிடம் மிஞ்சியிருப்பது ஒரு இலட்சம் ரூபாய். அம்மாவோ, "ஊரில் நாலாம் சடங்குக்கு ஆடு அடித்துச் சமைத்தோம், இங்கே வந்த சனத்தை வெறும் தேத்தண்ணீரோடு அனுப்புவதா?" என்று கேட்கிறார். எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். கட்டடத்தின் உச்சியில் மொட்டை மாடி இருக்கிறது. என்ன சமைக்கலாம், எத்தனை மணிக்கு வைக்கலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கிடாரம்:

அக்கா, கூழ் காய்ச்சுங்கள். நான் செய்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

2022 ஆனியில் என் தங்கையின் திருமணம். அந்த மாதம் கொழும்பு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். சமையல் காஸும் இல்லை, பெற்றோலும் இல்லை. ரயிலில் இடிபட்டு வந்த முப்பத்தைந்து பேரை மறுநாள் எப்படிக் கவனிப்பது என்று அப்பா தலையில் கை வைத்துவிட்டார். தெஹிவளையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவு வெறுமையாகக் கிடந்தது. மூன்று கல் வைத்து, விறகு மூட்டி, வாடகைக்கு எடுத்த கிடாரத்தில், அந்தப் பெரிய அண்டாவில், ஒடியல் கூழ் காய்ச்சினோம். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் காய்ச்சுவது.

கூழில் ஒரு நன்மை உண்டு. அதைச் சமைக்கிறவர், சாப்பிடுகிறவர் என்று ஆட்கள் இரண்டாகப் பிரிவதில்லை. ஒருவர் நண்டு உடைப்பார், ஒருவர் பயற்றங்காய் முறிப்பார், ஒருவர் பலாக்கொட்டைக்குத் தோல் உரிப்பார். எங்கள் அம்மம்மாவும் மாப்பிள்ளையின் பெரிய மாமியும் பாயில் உட்கார்ந்து முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் மண்டபத்தில் இருவரும் கும்பிட்டுக்கொண்டதோடு சரி. இலை உருவும்போதுதான் பேச்சு வந்தது. 95 இடப்பெயர்வில் இருவரும் சாவகச்சேரியில் ஒரே பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்திருக்கிறார்கள், அடுத்தடுத்த வகுப்பறைகளில். உருவிய ஈர்க்கு கையிலேயே இருந்தது. கூழ் இறக்கும்வரை இருவரும் பாயைவிட்டு எழும்பவில்லை.

கணக்குக்கு வருகிறேன். எங்களுக்கு ஒரு கிலோ ஒடியல் மா போதுமாக இருந்தது. அறுபது பேருக்கு ஒன்றே முக்கால் கிலோ எடுங்கள். மாவை முதலில் தண்ணீரில் ஊற விட்டு, அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். இரண்டு மூன்று தரம் இப்படிச் செய்யாவிட்டால் கசப்பு போகாது. புழுங்கலரிசி, மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, பயற்றங்காய் முதலில் அவிய வேண்டும். பிறகு மீன், நண்டு, இறால், கணவாய். அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் அதற்குப் பிறகு. மாக் கரைசல் கடைசியில்தான். அதை ஊற்றிய பிறகு அகப்பையை நிறுத்தக் கூடாது, அடிப்பிடித்துவிடும். முருங்கை இலையை இறக்குவதற்குச் சற்று முன் போடுங்கள். செலவில் பாதிக்குமேல் கடலுணவுக்குத்தான் போகும். மற்றதெல்லாம் சந்தைக் காய்கறி விலைதான்.

தெஹிவளை மாமி:

பிள்ளை, கூழ் நல்ல யோசனைதான். ஆனால் வெள்ளவத்தை மொட்டை மாடியில் அடுப்பு மூட்டுவது வேறு கதை. ஆவணியில் கடற்காற்று நெருப்பை நிற்க விடாது. தகரம் வைத்து மறைத்தாலும் அறுபது பேருக்கான பாத்திரம் கொதிக்க நேரம் எடுக்கும். கட்டடத்து முகாமைத்துவக் குழு மேலே நெருப்புக்கு அனுமதி தருமா என்பதையும் இப்போதே எழுத்தில் கேளுங்கள். கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு மூலையைக் கேட்டு, காஸ் அடுப்பில் சமைத்து, சிறிய பாத்திரங்களில் லிப்டில் ஏற்றுவதே பாதுகாப்பு. கிடாரத்தை அப்படியே லிப்டில் ஏற்ற முயல வேண்டாம். கொதிக்கும் கூழ் காலில் பட்டால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நேரத்தையும் யோசியுங்கள். திங்கள் வேலை நாள், கொழும்பு உறவினர் மதியம் வர மாட்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் இரவு முழுவதும் பயணம். வயிறு நிறைய உறைப்புக் கூழ் குடித்துவிட்டு உடனே பஸ் ஏறினால் வயதானவர்கள் படும்பாடு சொல்ல முடியாது. நாலு மணிக்குப் பரிமாறிவிடுங்கள். மிளகாயைக் குறையுங்கள், உறைப்பு வேண்டியவர்களுக்குத் தனியாகக் கட்டைச் சம்பல் வைக்கலாம். ஏழு மணிக்கு இடியப்பமும் பாற்சொதியும் கொடுத்து வழியனுப்புங்கள். வெள்ளவத்தையில் வீட்டில் அவித்துக் கொடுக்கும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஐந்நூறு இடியப்பத்துக்கு இரண்டு நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

இன்னொன்று. நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் 25 நாளும் மச்சம் மாமிசம் தொடாதவர்கள் உங்கள் ஊர்ப் பக்கத்தில் இருப்பார்கள். திகதியைப் பார்த்தீர்களா? போயா, அதுதான் பௌர்ணமி விடுமுறை, நாளாக இருந்தால் இறைச்சிக் கடையும் பூட்டு. எப்படியிருந்தாலும் மரக்கறிக் கூழ் ஒரு பானை தனியாக, தனி அகப்பையோடு இருக்கட்டும். நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அது உதவும்.

மூன்றாம் மாடி:

மாமி, மிக்க நன்றி. நல்லூர்த் தீர்த்தம் முடிந்த பிறகுதான் எங்கள் நாள் வருகிறது. போயாவும் இல்லை. நெருப்பைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். இன்று காலையில் கேட்டேன், மேலே அடுப்பு கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கீழே இரண்டு வாகன இடம் தருகிறார்கள், மாலை ஆறு மணிக்குள் கழுவிக் கொடுக்க வேண்டும்.

கிடாரம் தம்பி, உங்கள் அம்மம்மாவின் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆட்டுக் கதையை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை. மீன் வாங்க திங்கள் விடியப் பேலியகொடைக்குப் போனால் போதுமா?

கொட்டாஞ்சேனையான்:

திங்கள் காலையை நம்ப வேண்டாம், சகோதரி. நான் நீர்கொழும்பில் பிறந்தவன். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க மீனவர் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அதனால் திங்கள் விடியப் புதுமீன் குறைவு, விலையும் ஏறி நிற்கும். சனிக்கிழமை விடியப் போய் மொத்தமாக வாங்குங்கள். மீனையும் கணவாயையும் அன்றே துப்புரவாக்கி, மஞ்சளும் உப்பும் பிரட்டி, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பொதி கட்டி உறைய வையுங்கள். உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி தாங்காது. பக்கத்து வீடுகள் இரண்டிலும் இப்போதே இடம் கேளுங்கள். நண்டை மட்டும் சனிக்கிழமை வாங்கி வைக்காதீர்கள். திங்கள் காலையில் உயிர் நண்டு கிடைத்தால் போடுங்கள், கிடைக்காவிட்டால் இறாலைக் கூட்டுங்கள். கெட்ட நண்டு ஒன்று போதும், பஸ் முழுவதும் துன்பப்படும்.

இனிப்புக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். திருமண வீட்டில் பயற்றம் பணியாரமும் அரியதரமும் முறுக்கும் கட்டாயம் மிஞ்சும். ஞாயிறு இரவே ஒரு வாளியை எடுத்து ஒளித்து வையுங்கள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கப் பால் விடாத தேத்தண்ணீர் கொடுங்கள். கனடாக்காரர் அதைத்தான் தேடுவார்கள்.

கிடாரம்:

அண்ணன் சொல்வது சரி. எங்கள் வீட்டில் நண்டை முதல் நாளே வாங்கிப் பாதியைக் கொட்ட வேண்டி வந்தது.

அக்கா, ஒன்றை மறந்துவிட்டேன். கதிரைகளை வரிசையாகப் போடாதீர்கள். பாய் விரியுங்கள், முழங்கால் நோகிறவர்களுக்கு மட்டும் பத்துக் கதிரை போதும். மரக்கறி வெட்டும் வேலையை மொட்டை மாடியில் வைத்து, இரண்டு வீட்டாரையும் இரண்டு மணிக்கே வரச் சொல்லுங்கள். பெரியப்பாவுக்கும் கையில் ஒரு கத்தி கொடுங்கள். நீங்கள் பரிமாற ஓடாதீர்கள். அதற்கு இளையவர்களில் நாலு பேரை இப்போதே பெயர் சொல்லி ஒதுக்கிவிடுங்கள்.

மூன்றாம் மாடி:

முடிவு செய்துவிட்டோம். இரண்டு மணிக்கு மேலே மரக்கறி, நாலு மணிக்குக் கூழ், ஏழு மணிக்கு இடியப்பம். ஒரு சிறு கிடாரமும் இரண்டு காஸ் அடுப்புகளும் வாடகைக்குப் பேசியாயிற்று. மழை வந்தால் மறைக்க, மாமாவின் நண்பர் பெரிய தறப்பாள் ஒன்று தருகிறார். கணக்குப் போட்டால் இலட்சத்துக்குள் அடங்குகிறது, பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் வாங்கவும் கொஞ்சம் மிஞ்சும்.

நேற்று இரவு பெரியப்பாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பிளாவில் தருவீர்களா, கோப்பையிலா?" என்று கேட்டார். சாவகச்சேரியில் இருக்கும் மாமாவிடம் பனையோலைப் பிளா எழுபது கோலச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை இரவு பஸ்ஸில் வருகிறது.