ஸ்க்ரப் டைபஸ்: சுண்டெலிக்கு ஏன் வேறு மாதிரி வருகிறது?

எம்எஸ்சி_முதலாண்டு:
செமினாருக்கு ஸ்க்ரப் டைபஸ் எடுத்திருக்கிறேன், சிற்றுண்ணி கடித்துப் பரவும் பாக்டீரியாக் காய்ச்சல். மனிதர்களுக்குக் கடிவாயில் கறுப்புப் பொருக்கு, காய்ச்சல், முற்றினால் நுரையீரல் பாதிப்பு. ஆனால் பழைய கட்டுரைகளில் சுண்டெலிகள் வயிற்றில் நீர் கோத்துச் சாகின்றன. கிருமி ஒன்றுதானே?

கூண்டுக்காரி:
கிருமி ஒன்றுதான் தம்பி, உள்ளே விட்ட வழிதான் வேறு. ஓரியன்ஷியாவை, அதாவது இந்த நோயின் பாக்டீரியாவை, வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தினால் அங்கிருக்கும் மேக்ரோபேஜ்களிலும் (கிருமியை விழுங்கும் தற்காப்புச் செல்கள்) வயிற்று உட்சவ்வின் செல்களிலும் பெருகும். முதல் சில நாட்கள் எலி நன்றாகத்தான் ஓடும், தின்னும். இது மெதுவாகப் பெருகும் கிருமி. அப்புறம் மயிர் சிலிர்த்து, முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடும், எடை இறங்கும். திறந்தால் வயிற்றில் திரவம், வீங்கிய மண்ணீரல். சவ்வைச் சுரண்டி ஜிம்சா சாயம் ஏற்றிப் பாருங்கள்: உட்கருவை ஒட்டி ஊதாப் பொடி தூவினாற்போல் கிருமிகள்.

மனிதரில் முக்கிய இலக்கு ரத்தக்குழாய் உட்சுவர். அதனால் 2014-ல் சி57 பிளாக்6 என்ற ஆய்வக இன எலிகளுக்கு ரத்தநாளம் வழியாகக் கார்ப் என்ற கிருமி வகையைக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல், கல்லீரல், மூளை என்று பரவியது. மனிதர் நோய்க்கு இது எவ்வளவோ நெருக்கம். பாதத்தில் தோலுக்குள் போட்டால் முதலில் பக்கத்து நிணநீர்க் கணு வீங்கும், பிறகுதான் உள்ளே பரவும். ஆனால் அந்தக் கறுப்புப் பொருக்கை எலியிடம் எதிர்பார்க்காதீர்கள். ரீசஸ் குரங்கில் தோலுக்குள் செலுத்தியபோது அது வந்திருக்கிறது.

எலி இனத்தையும் மறக்காமல் எழுதுங்கள். கில்லியம் என்ற கிருமி வகைக்கு சி3எச் இன எலி சாகும், பால்ப்-சி இன எலி தப்பிக்கும். ஐந்தாம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் வேலை அது. கார்ப்புக்கு இரண்டுமே தாங்காது. இனம், வகை, ஊசி போட்ட இடம் மூன்றையும் சொல்லாத ஸ்லைடை நான் நம்பமாட்டேன்.

லேப்_ராத்திரி:
ஊசியே வேண்டாம், சிற்றுண்ணியையே கடிக்கவிடலாமே?

கூண்டுக்காரி:
தாய்லாந்தில் செய்திருக்கிறார்கள். ஆனால் தொற்றுள்ள சிற்றுண்ணிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்ப்பது பெரிய பாடு. லார்வா மட்டுமே விலங்கைக் கடிக்கும், அதுவும் பொதுவாக ஒரே தடவை. கிருமி தாயிடமிருந்து முட்டைக்குப் போகிறது. ஒரு கடியில் எத்தனை கிருமி இறங்கியது என்பதும் நம் கையில் இல்லை. டோஸை ஒப்பிடவேண்டிய தடுப்பூசிச் சோதனைக்கு ஊசிதான் சரி.

எம்எஸ்சி_முதலாண்டு:
சரி அக்கா, வயிற்று ஊசி, ரத்தநாளம், தோல் மூன்றுக்கும் தனித்தனி ஸ்லைடு போடுகிறேன். ஜிம்சா படம் இருந்தால் பகிருங்களேன்.