ஏரியல் ஹூப்பில் ‘பேர்ட்ஸ் நெஸ்ட்’ பழகியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள மொன்றியலிலிருந்து எழுதுகிறேன். 1984-இல் சிர்க் டு சொலைல் என்ற சர்க்கஸ் குழு பிறந்த மாகாணம் இது. இங்குள்ள தேசிய சர்க்கஸ் பள்ளி அதைவிட மூத்தது. அலுவலகம் முடிந்து வந்து இரும்பு வளையத்தில் தொங்குகிறவர்களை இந்த ஊரில் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. என் மாமியார் மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை.

தெரியாதவர்களுக்காக: ஏரியல் ஹூப் என்பது மேலிருந்து தொங்கவிட்ட இரும்பு வளையம், ‘பேர்ட்ஸ் நெஸ்ட்’ அதில் செய்யும் ஒரு பின்வளைவு. வளையத்தின் கீழ்க்கம்பியை இரு கைகளாலும் பிடித்துத் தொங்கி, கைகளுக்கு வெளிப்புறமாகப் பாதங்களை அதே கம்பியில் மாட்டி, இடுப்பைக் கைகளுக்கு நடுவே நுழைத்து மறுபக்கம் தள்ள வேண்டும். வயிறு தரையைப் பார்க்கும், முதுகு வில்லாக வளையும். தனுராசனம் செய்தவர்களுக்கு இந்த வடிவம் புதிதல்ல. ஆனால் இங்கே கீழே தாங்கிக்கொள்ளத் தரை கிடையாது.

ஆசிரியை எங்களை உடனே வளையத்தில் ஏற்றவில்லை. தரையில் குப்புறப் படுத்துக் கணுக்கால்களைப் பிடித்தபடி மார்பை முன்னால் தள்ளச் சொன்னார். யாராவது கீழ்முதுகில் மட்டும் மடிந்தால் அந்த இடத்தில் விரலால் தட்டுவார். இடுப்புப் பகுதியிலுள்ள ஐந்து முள்ளெலும்புகள் பின்புறமாகச் சுலபத்தில் மடியும். விலா எலும்புகள் பொருந்தியுள்ள மேலே இருக்கிற 12 எலும்புகளும் அப்படி மடியா. உடல் சோம்பல்பட்டு அந்த ஐந்தையே போட்டுக் கசக்கும் என்பார். தொடையின் முன்தசை இறுகியிருந்தாலும் பாரம் அங்கேதான் வந்து சேரும்.

பிறகு தோள். முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டை இரு கைகளாலும் பிடித்து, முன்னால் குனியாமல் மேலே உயர்த்த வேண்டும். போதுமான அளவு உயராதவர்களை அவர் வளையத்துக்கு அனுப்பவில்லை. முகம் கோணியவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகவே பட்டது, ஏனென்றால் இந்த வித்தையில் முதுகைவிடத் தோள்தான் அதிக வேலை செய்கிறது.

வளையத்துக்குப் போனதும் முதல் பாடமே வெளியே வருவதுதான். பாதங்கள் மாட்டியிருக்கும்போதே வயிற்றை இறுக்கி, முகவாயை மார்புக்குக் கொண்டுவந்து, இடுப்பை வந்த வழியே திருப்பி இழுக்க வேண்டும். கால் நழுவினால் முழு எடையும் பின்னால் திரும்பிய தோள்களில் இறங்கும். அந்த நேரத்தில் பதறி ஒரு கையை மட்டும் விட்டால் உடல் சுழன்று தோள் மூட்டு முறுக்கிக்கொள்ளும். வளையத்தை இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் கட்டியிருப்பதும், அது சுழலாதபடி ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பதும் இதற்காகத்தான்.

என் கண்ணெதிரே ஒரு பெண்ணுக்கு இடது பாதம் வழுக்கியது. கணுக்கால்வரை இறங்கியிருந்த வழவழப்பான லெக்கிங்ஸ்தான் காரணம். ஆசிரியையின் ஒரு கை அவள் வயிற்றுக்கு அடியில், மற்றது தோளில். “கையை விடாதே” என்றார், குரலை உயர்த்தவில்லை. அவளும் விடவில்லை. இன்னொரு பாதத்தையும் கழற்றினாள். கால்விரல்கள் மெத்தையில் ஊன்றின. பிறகுதான் கைகளை எடுத்தாள். அன்றிலிருந்து எல்லோரும் லெக்கிங்ஸைக் கெண்டைக்கால்வரை சுருட்டிவிட்டுத்தான் ஏறுகிறோம்.

எனக்கு இப்போது இருக்கும் சிக்கல் மூச்சு. வளைந்ததும் நின்றுவிடுகிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில்:

அக்கா, நான் விழுப்புரம் பக்கம். சிறு வயதில் கயிறு மல்லர் கம்பம் பழகியவன். கயிற்றில் வளைந்து நிற்கும்போது வாய்விட்டு எண்ணச் சொல்வார் எங்கள் மாஸ்டர். எண்ணுவது நின்றால் இறங்கிவிட வேண்டும், பேச்சே இல்லை. மூச்சை முழுதாக இழுக்கப் பார்க்காதீர்கள். வயிறு இழுபட்டிருக்கும்போது அது நடக்காது. சின்னச் சின்னதாக விலாப்பக்கம் இழுத்து, நீளமாக விடுங்கள். துண்டுச் சோதனை எல்லாம் நாங்கள் கேள்விப்படாதது. முதுகு வளையாத பையன்மீது பெரிய பையன்கள் ஏறி உட்கார்ந்து அமுக்குவார்கள். இன்றைக்கு என் மகனை யாராவது அப்படிச் செய்தால் சண்டைக்குப் போவேன்.

பதில்:

கோவையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். வளர்கிற வயதுப் பிள்ளைகளை இதில் சேர்த்திருக்கும் பெற்றோருக்காக ஒன்று. முதுகைத் திரும்பத் திரும்பப் பின்னால் வளைக்கும்போது முள்ளெலும்பின் பின்பகுதியிலுள்ள மெல்லிய எலும்புப் பாலத்தில் நுண்ணிய முறிவு வரலாம். ஸ்பாண்டிலோலைசிஸ் என்பார்கள். பெரும்பாலும் இடுப்பின் ஐந்தாவது எலும்பில் வரும். ஜிம்னாஸ்டிக் பிள்ளைகளிடமும் வேகப்பந்து வீச்சாளர்களிடமும் பார்க்கிறோம். பழக்கமில்லாத தசையின் வலி சில நாளில் அடங்கிவிடும். ஆனால் கீழ்முதுகில் ஒரு பக்கமாகக் குத்தி, ஒற்றைக் காலில் நின்று பின்னால் சாய்ந்தால் கூடுகிற வலி வேறு. அதைப் பொறுத்துக்கொண்டு பயிற்சியைத் தொடரக் கூடாது. தொடக்கத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், ஆகவே “எக்ஸ்ரே சுத்தம்” என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை வளையத்துக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பதில் சிரமம் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பதில்:

மொன்றியல்காரிதான் மறுபடியும். தம்பி சொன்னபடி எண்ணிப் பார்த்தேன். பாதியில் குரல் நின்றது, இறங்கிவிட்டேன். அடுத்த முறை கொஞ்சம் தூரம் போனது. வகுப்பில் இப்போது ஆளுக்கொரு மொழியில் எண்ணுகிறார்கள், ஒரே இரைச்சல். டாக்டரம்மாவின் குறிப்பை, 14 வயது மகளை அழைத்துவரும் ஒரு தாய்க்குப் பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். இன்னொன்று கேட்க வேண்டும்: கம்பி அழுந்திப் புறங்காலில் கன்றிப்போகிறது. பூவேலை செய்ததுபோல நீலமும் பச்சையுமாக இருக்கிறது. இதற்கு ஏதாவது தடவுகிறீர்களா, அல்லது பழகிவிடும் என்று விட்டுவிடுகிறீர்களா?